வளையலில் மாட்டிய ஊக்கு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை.

சொன்னவர் குழந்தைவேல். பொய் சொல்கிற ஆள் அல்ல. சந்தேகம் அவர் மேலா, என் மேலேயா என்று எனக்கே தெளிவில்லை. நானும் ஒரு தகப்பன்தான்.

குழந்தைவேல் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் விளக்கம் சொல்கிறவராகச் சேர்ந்தார்.

அங்கே கூடத்துக்குப் பொறுப்பு ஜெசிந்தா. அவர் மகள் வயதுதான் இருக்கும். ‘என் குரு’ என்பார் குழந்தைவேல். கிண்டலாக ஆரம்பித்தது. பிறகு கிண்டல் போய்விட்டது.

முதல் நாள் ஜெசிந்தா அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று.

“கைய பின்னால கட்டிக்கங்க சார். கேட்டா மட்டும் பேசுங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குருவிடம் போய் முறையிட்டார்.

“மேடம், இங்க வர்ற குடும்பங்க ஒண்ணும் கத்துக்கிறதில்ல. ஓடுறாங்க, தட்டுறாங்க, போட்டோ எடுக்கிறாங்க. பெத்தவங்க வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க. பிள்ளைங்க அதை நம்புதுங்க.”

“இன்னிக்கு யாரு சார்?”

“இரட்டைக் கூம்புகிட்ட ஒருத்தர். காக்கிச் சட்டை. பொண்டாட்டி, ஒரு பொண்ணு.”

இரட்டைக் கூம்பு என்பது இரண்டு இரும்புக் கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது. மேல்நோக்கி ஏறுகிற இரண்டு தண்டவாளங்களின் மீது வைத்தால், தானாக மேலே உருண்டு போவதுபோல் தெரியும். உண்மையில் தண்டவாளங்கள் போகப் போக விலகுகின்றன. கூம்பின் நடுப்பகுதி கீழேதான் இறங்குகிறது.

“அது எப்படிப்பா மேல ஏறுதுன்னு பொண்ணு கேட்டா. மேல காந்தத்தை ஒளிச்சு வச்சிருப்பாங்கன்னு அவர் சொல்றார். காந்தமாம்!”

“நீங்க?”

“திருத்தினேன். காந்தம் இல்ல, அது ஏறவே இல்ல, இறங்குதுன்னு விளக்கினேன். பொண்ணு சட்டுனு புரிஞ்சுக்கிட்டா. சிரிச்சா.”

“என்ன சொல்லிச் சிரிச்சா?”

குழந்தைவேல் தயங்கினார்.

“போப்பா, உனக்கு ஒண்ணுமே தெரியலன்னு.”

“கேட்டாங்களா உங்ககிட்ட?”

“தப்பைத் தப்புன்னு சொல்றதுக்குக் கேட்கணுமா மேடம்?”

ஜெசிந்தா மூடியிருந்த கையை அவர் முன் நீட்டினார்.

“அந்தம்மா கையில என்ன இருந்தது சார்?”

“பார்க்கலை.”

அவர் உள்ளங்கையில் ஜெசிந்தா எதையோ வைத்தார். ஒரு ஊக்கு. திறந்தபடி இருந்தது.

“தண்டவாளத்துக்குக் கீழ கிடந்தது. நான் மாடிப்படியில நின்னுட்டிருந்தேன். ‘காந்தம் இருக்கான்னு பார்ப்போமா, ஊக்கைக் கொடு’ன்னு அவர்தான் கேட்டார். வளையல்ல மாட்டியிருந்ததை அந்தம்மா கழட்டினாங்க. பாப்பா வாங்கறதுக்குக் கை நீட்டினா.”

“அப்புறம்?”

“அப்பத்தான் நீங்க பேசினீங்க.”

குழந்தைவேல் ஊக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவங்க தோட்டத்துல இருக்காங்க. பேசும் தட்டுகிட்ட. போங்க. நேரா அவங்ககிட்ட போகாதீங்க. இந்தப் பக்கத் தட்டு முன்னாடி உட்காருங்க.”

தோட்டத்தில் ஆளுயரத்துக்கும் பெரிய குழிவான தட்டுகள் இரண்டு. நேருக்கு நேர் நிற்கும். நடுவில் நீளமாகப் புல்தரை. ஒன்றின் முன் மெல்லப் பேசினால் அடுத்ததன் முன் இருப்பவருக்குக் காதோடு பேசியதுபோல் கேட்கும்.

அவர் உட்கார்ந்தார். புல்தரைக்கு அப்பால், எதிர்த் தட்டின் முன் காக்கிச் சட்டை தெரிந்தது.

“இது எதுக்குப்பா?”

“எனக்கென்னம்மா தெரியும்.”

“சும்மா சொல்லுங்களேன். பிள்ள கேக்குறாள்ல.” இது அந்த அம்மா.

“நான் ஒண்ணு சொல்ல, அது தப்பாப் போக, அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்க. எதுக்கு? உள்ள ஒரு சார் நிக்கிறாரு பாரு. அவரப் போய்க் கேளு.”

“அந்த சார் நிறையப் பேசுவாருப்பா. வா, வீட்டுக்குப் போலாம்.”

தன் காதுக்குள்ளேயே வாய் வைத்துச் சொன்ன மாதிரி இருந்தது என்பார் குழந்தைவேல்.

அவர் எழுந்து புல்தரையைக் கடந்து ஓடினார். ஊக்கை நீட்டினார்.

“அய்யோ, இதுக்காகவா சார் ஓடி வந்தீங்க?” அந்த அம்மா வாங்கி வளையலில் மாட்டிக்கொண்டார்.

“வாங்க, இன்னொரு தடவை அந்தக் கூம்புகிட்ட போவோம். நீங்க சொன்னபடியே ஊக்கை வச்சுப் பாருங்க. நான் வாயே திறக்கல.”

காக்கிச் சட்டைக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம் என்பார் குழந்தைவேல்.

“எதுக்கு சார்? அதான் நீங்க சொல்லிட்டீங்களே.”

மூவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். முன்னால் அப்பா. கொஞ்சம் தள்ளி மகள், கையில் அம்மாவின் செல்போன்.

குழந்தைவேல் திரும்பி வந்தபோது ஜெசிந்தா கூம்பின் பக்கத்தில் நின்றிருந்தார். இரட்டைக் கூம்பை எடுத்து, மறுபடி தண்டவாளத்தின் கீழ்முனையில் வைத்துவிட்டுப் போனார்.

கதை இவ்வளவுதான். பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு சொல் மாறாது. ‘பார்க்கலை’ என்கிற இடம் வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

போன வாரமும் சொன்னார். துடைத்தார்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டும்வரை காத்திருந்து கேட்டேன்.

“சார், அவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு கை தூரம்கூட இல்ல. அந்த ஊக்கை நீங்க பார்க்கவே இல்லையா? இல்ல, பார்த்ததாலதான், அவங்க சோதிக்கிறதுக்குள்ள அவ்வளவு அவசரமாப் பேசினீங்களா?”