நாற்பது பேரும் வந்து சேர்ந்த நாவல்

அன்று மடத்தில் இருந்தவர்கள்: மடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாமி. சமைக்கும் வேலாயி. நாவல் எழுதிய பூங்காவனம். அதைப் படித்துவிட்டுப் பேச வந்த பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களைக் கூட்டி வந்த ஆசிரியர் யோகராஜா சேர். வேறு யாரும் இல்லை. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாத்தளைக்குப் போகும் பழைய பாதையோரம் அந்த மடம். கோப்பித் தோட்டக் காலத்தில், கூலி வேலைக்காகத் தமிழகத்திலிருந்து தோணியேறி வந்து மன்னாரில் இறங்கியவர்கள், காட்டு வழியாக அந்தப் பாதையில்தான் நடந்து வந்தார்கள். வந்தவர்களின் பேரன் பேத்திகள் வழி வந்தவர்கள்தான் இப்போது சுற்றுவட்டாரம் முழுக்க.

பூங்காவனமும் அப்படி வந்த வம்சம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அறுபத்தொரு வயதில் முதல் நாவல் எழுதினாள். தன் முன்னோர் நடந்து வந்த கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பதற்கென்றே எழுதியது.

"யாருக்கு யாரைப் பிடிச்சது? கூச்சப்படாம சொல்லுங்க," என்றார் யோகராஜா சேர்.

"எனக்குச் சங்கிலி," என்றான் டிலுக்சன். "அந்தக் கூத்துக்காரரு. பசியில எல்லாரும் சுருண்டு கிடக்குறப்போ, கூட்டிட்டு வந்த கங்காணியக் கிண்டல் பண்ணிப் பாட்டுக் கட்டுறாரே! மிஸ், அடுத்த லீவுக்கு நாங்களும் மன்னார்லேருந்து நடந்தே வரப்போறோம். செம ஜாலியா இருக்கும்."

"நீயா? கடைக்குப் போகவே த்ரீவீலர் கேப்ப," என்றாள் நிரோசா.

எல்லோரும் சிரித்தார்கள். பூங்காவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்குப் பொன்னன் மிஸ்," என்றாள் நிரோசா. "அக்கா சடச்சி தோள்ல உக்காந்துக்கிட்டு, மாத்தளை வந்துருச்சா, மாத்தளை வந்துருச்சான்னு உயிர எடுக்குறானே. கடைசியில அவன்தான் மொதல்ல பாக்குறான். எங்க தம்பியும் அப்படித்தான். அந்தப் பக்கத்த மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

பூங்காவனம் எழுந்தாள். "இதோ வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

சாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவளைவிட இருபது வயது இளையவர். அவர் பிறந்தபோது தலைகீழாகப் பிடித்து, முதுகில் தட்டி அழ வைத்தவளே அவள்தான். ஆனாலும் சாமி என்றுதான் கூப்பிடுவாள். மனசு தாங்காத நாளில் இங்கேதான் வருவாள்.

"சாமி, நல்லா இருக்குன்னு சொல்றாங்க. எனக்குக் கேக்க முடியல."

சாமி துருவினார்.

"ரெண்டாம் பதிப்பு போடுறாங்களாம். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகுமாம். திருத்தம் இருந்தா நாளைக்குள்ள சொல்லணும். நான் என்ன சொல்ல?"

"எத்தன பேரு நடந்தாங்க?"

"நாப்பது."

"எத்தன பேரு வந்து சேந்தாங்க?"

"நாப்பது."

"புத்தகத்துல கேக்கல."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"பதினேழு."

அவள் வீட்டில் சொல்லிச் சொல்லி வந்த கணக்கு அது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பச்சப் பிள்ளைங்க படிக்கிறது சாமி. பொறந்த பிள்ளைய தூக்கிக் கொடுத்தே பழகுன கை. எழுத உக்காந்தா ஒருத்தரையும் கீழ போட முடியல."

சாமி துருவலைச் சட்டியில் தட்டினார். சுவரில் செருகியிருந்த கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பிள்ளைங்களுக்குப் பசிக்கும். வந்து சேராதவங்களுக்கு இலை அறுத்துட்டு வாங்க."

வழியில் செத்தவர்களுக்கு அந்த மடத்தில் படைப்பதுண்டு. படைத்த இலையை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. ஒவ்வோர் இலைக்கும் உயிரோடிருப்பவர் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சமைத்தவருக்கும் விலக்கில்லை.

பூங்காவனத்துக்கு இது தெரியும். கத்தியை வாங்கிக்கொண்டு வாழைக்கொல்லைக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

"என்ன மிஸ், இவ்வளவு இலை? வேற ஸ்கூலும் வருதா?" என்றான் டிலுக்சன்.

அவள் குனிந்து முதல் இலையைப் போட்டாள்.

"இது ராக்காயி."

அடுத்ததைப் போட்டாள்.

"இது ராக்காயி புருசன்."

பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. புத்தகத்து ஆட்களின் பேரில் இலை!

"இது சங்கிலி."

"என்னோடது! யாரும் வராதீங்க!" டிலுக்சன் ஓடிப்போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவள் வரிசையில் மேலும் நகர்ந்தாள். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வோர் இலையாகப் போட்டாள்.

"சடச்சி இலை எங்க மிஸ்? அவதானே ஹீரோயின்?" என்று கேட்டாள் நிரோசா.

"சடச்சிக்கு இல்லம்மா."

"ஏன்?"

"அவ வந்து சேந்துட்டா."

யோகராஜா சேர் தலை குனிந்துகொண்டார்.

டிலுக்சன் தன் முன்னாலிருந்த இலையைப் பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்தான்.

"சங்கிலியும் வந்து சேந்தாரே மிஸ். கடைசி அத்தியாயத்துல பாடுறாரே."

"பாடலப்பா. மூணாம் நாளே பேதி கண்டுருச்சு. ஒரு மரத்தடியில படுக்க வச்சுட்டு நடந்துட்டாங்க."

"உசுரோடயா?"

அவள் அடுத்த இலையை எடுத்தாள்.

"அப்ப அந்தப் பாட்டு?"

"நான் கட்டுனது."

அதற்குப் பிறகு இலை தரையில் படும் சத்தமும் அவள் சொல்லும் பெயரும் மட்டும் கேட்டன. இருபத்திரண்டு இலை ஆயிற்று.

கையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பு வளையவில்லை.

நிரோசா அந்த இலையைப் பார்த்தாள். மற்றதைவிடச் சின்னதாக அறுத்திருந்தது.

"சொல்லாதீங்க மிஸ்," என்றாள்.

பூங்காவனம் சாமியைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம், போதும் என்று அவர் சொல்வார் என்பதுபோல.

சாமி செம்புத் தண்ணீரோடு வந்தார். வரிசையின் கடைசியில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, கையாலேயே துடைத்தார். ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார்.

நிரோசா எழுந்து வந்தாள். பூங்காவனத்தின் கையிலிருந்து இலையை வாங்கினாள். துடைத்த இடத்தில் போட்டாள். நுனி இடப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள்.

"அவன் மாத்தளையப் பாத்தானா மிஸ்?"

"இல்லம்மா."

"சடச்சி?"

"வெறுந்தோளோட வந்தா. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்தத் தோள்ல யாரையும் சாய விடலையாம். பெத்த பிள்ளையக்கூட."

"இத ஏன் எழுதல நீங்க?"

பூங்காவனத்தின் வாய் கோணியது. "எழுதுறேன்," என்றாள். மறுபடி சொன்னாள். "நாளைக்குச் சொல்லிடுறேன், எழுதுறேன்னு."

வேலாயி சோற்றுக் குண்டானைத் தூக்கி வந்து ஒவ்வோர் இலையிலும் பரிமாறினாள். எதையும் குறைத்து வைக்கவில்லை. சின்ன இலையிலும் அதே அளவு வைத்தாள். பருப்பு ஊற்றினாள். துவையல் வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஓர் இலை பார்த்து அவளும் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க," என்றார் சாமி. அவரும் உட்கார்ந்தார்.

டிலுக்சன் சங்கிலியின் இலைக்கே போனான். இந்தத் தடவை ஓடவில்லை. நிரோசா, ராக்காயி இலையில் உட்கார்ந்தாள். யோகராஜா சேரும் மற்ற மூன்று பிள்ளைகளும் கிடைத்த இடத்தில் அமர்ந்தார்கள். பூங்காவனம் கடைசி வரைக்கும் நடந்து போய்ச் சின்ன இலையின் முன் உட்கார்ந்தாள்.

சோற்றில் ஆவி பறந்தது. யாரும் கை வைக்கவில்லை.

டிலுக்சன் தலையை நீட்டி வரிசையைப் பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"சாமி, மத்த இலைக்கெல்லாம் யாரு உக்காருவா?"

சாமி ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார்.

உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். மீதி இருந்தது பதினான்கு இலை.