தளபதியின் வாள் எரிந்த கதை

பாளையத்துத் திருவிழாவுக்கு வாணம் செய்கிறவள் அங்காயி. மத்தாப்பில் பூவாய்ச் சிதறுவது இரும்பு என்று அவள் பாளையக்காரர் முன்னால் சொன்னதும் தளபதி வீரபாகுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இரும்பு எரியுமா? இதோ என் வாள். இந்த அகல்விளக்கில் எரித்துக் காட்டு. இல்லையென்றால் ஊரைவிட்டு ஓடு!"

"முழு வாளையுமா, சாமி?"

"முழுசும்தான்!"

அங்காயி மடியிலிருந்து அரத்தை எடுத்து வாளை ராவினாள். உதிர்ந்த தூளைச் சுடரில் தூவினாள். பொறிபொறியாய் எரிந்தது.

"கட்டியாக இருந்தால் எரியாது, சாமி. நைசாகப் பொடித்தால் பற்றிக்கொள்ளும்" என்றவள் மறுபடி ராவத் தொடங்கினாள்.

"போதும், நிறுத்து!" என்று தளபதி அலறினார்.

"முழுசும் என்று நீதானே சொன்னாய்?" என்றார் பாளையக்காரர்.

அந்த வருஷம் தளபதி வெறும் உறையோடு ஊர்வலம் போனார். வாள் மேலே வானத்தில் போனது.