வாடையில்லாத கை

"எதைப் பூசினா போகும், தாயி?"

கேட்டவர் மாடக்கண்ணு. வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மலையேறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்ததிலிருந்து ஒரு செவலை நாய் அவர் காலை நக்கிக்கொண்டே இருந்தது.

குகையம்மா என்று ஊரார் சொல்லும் அந்தப் பெண்ணுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எது போகணும், அண்ணாச்சி?"

"வாடை."

"வெங்காய வாடையா?"

"வெங்காயம்னா சொல்லித் தப்பிச்சுக்கிட மாட்டேனா? இது என் உடம்பு வாடை."

துண்டு மூட்டையை அவிழ்த்துப் பரப்பினார். படிகாரக் கட்டி. வெட்டிவேர். ஒரு பொட்டலம் பூலாங்கிழங்குப் பொடி.

"கடையில விக்கிற ஸ்பிரே அடிச்சேன், அக்குள் வெந்துபோச்சு. சரி, இயற்கையாப் போவோம்னு பாத்தேன். படிகாரம் மத்தியானம் வரைக்கும் தாங்குது. வெட்டிவேரு குளிச்ச ஈரம் காயுற வரைக்கும். பூலாங்கிழங்கு இருக்கே, அது என் வாடையோட சேந்து புதுசா ஒண்ணைப் பெத்துப் போட்டுட்டு. இதுல எது சரி? நீங்கதான் சொல்லணும்."

"யாரு மூக்கைச் சுளிச்சா?"

"மக. பூங்கனி. ஆவணியில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. 'அன்னிக்கு மட்டும் நீ உள்ள வராதப்பா'ன்னுட்டா."

"மூஞ்சிக்கு நேராவா?"

"அவ எங்க திரும்புதா? எப்பவும் தையல் மெஷின்தான். நான் வாசப்படியில கால் வைக்கதுக்குள்ள 'வந்துட்டியாப்பா, போய்க் குளி'ம்பா. முதுகுல கண்ணு அவளுக்கு."

பொட்டலத்தின் மடிப்பை விரலால் நீவினார்.

"தாயில்லாப் பிள்ளை. அன்னிக்கு அவ பக்கத்துல நான் உக்கார வேண்டாமா?"

குகையம்மா படிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

"எல்லாம் நல்ல சரக்குதான். எல்லாமே கொஞ்சம் மிச்சம் வைக்கும்."

"மிச்சம் வேண்டாம். முழுசாப் போகணும்."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

கூச்சத்தோடு முகர்ந்தார்.

வியர்வை இல்லை. பக்கத்திலேயே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. புகை வாடையும் இல்லை. வெயிலில் கிடக்கிற கல்லுக்குக்கூட ஒரு வாடை உண்டு. இதில் அதுவும் இல்லை.

குகை இருட்டில் பகலிலேயே கொசு மொய்த்தது. மாடக்கண்ணு கையிலும் கழுத்திலும் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் அசையாமல் இருந்தாள்.

"உங்க மேல ஒண்ணுகூட உக்காரலையே, தாயி?"

"நான் இங்க இருக்கது அதுக்குத் தெரியாது."

மாடக்கண்ணு அடிப்பதை நிறுத்தினார்.

அவள் உள்ளே போய் ஒரு இலையில் சாம்பல் நிற விழுதைக் கொண்டுவந்தாள்.

"இந்த மலை வேருதான். ஒரு தடவை பூசினா ஆயுசுக்கும் போதும். மொதல்ல ஒரு கைக்குப் பூசிப் பாருங்க."

வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் பூசினார். சில்லென்று இருந்தது. சுனையில் கழுவினார்.

"இப்ப நாயைத் தொடுங்க."

இடது கையை நீட்டினார். வாலை ஆட்டி நக்கியது.

வலது கையை நீட்டினார்.

நாயின் பிடரி மயிர் எழுந்தது. கையைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. திரும்பக் கையைப் பார்த்தது. உறுமிக்கொண்டே அவர் காலுக்குப் பின்னால் போய் ஒண்டியது.

"யாரு நாய் இது?"

"என்னோடதுதான். குட்டியில எடுத்து வளத்தேன்."

"உங்க பக்கமே வரக் காணுமே?"

"சோறு தானா தட்டுக்கு வருதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

மாடக்கண்ணு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நாய்தானே, தாயி" என்றார் கடைசியில். "மறந்துட்டுப் போகட்டும். மக பக்கத்துல உக்காந்தாப் போதும் எனக்கு. மிச்சத்தைக் கொடுங்க. விடிஞ்சதும் குளிச்சிட்டு உடம்பு பூராப் பூசிடுதேன்."

அவள் இலையை மடித்துக் கொடுத்தாள்.

"பூசுங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கையால மகளை ஒரு தடவை தொடுங்க."

"தொட்டு?"

"பேச்சுக் கொடுக்காம தொடுங்க."

படிகாரத்தையும் வெட்டிவேரையும் அவர் அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்.

பஸ்ஸில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது மடியில் யாருடைய கையோ கிடந்தது. பதறித் தட்டிவிட்டார். பக்கத்து சீட்காரர் முறைத்தார்.

அது மாடக்கண்ணுவின் சொந்த வலது கைதான்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. குண்டு பல்பின் கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கனியின் முதுகு தெரிந்தது.

மாடக்கண்ணு வாசற்படியில் கால் வைத்தார்.

"வந்துட்டியாப்பா? போய்க் குளி."

கரண்ட் போனது.

மெஷினை மிதித்த கால் நின்றது. "சனியன்" என்று முணுமுணுத்துவிட்டு, அவள் வெளிச்சம் வரட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர் நாலு எட்டு நடந்தார். பின்னால் போய் நின்றார். மடியில் இலைப் பொட்டலம் இருந்தது.

பேச்சுக் கொடுக்காமல், வலது கையை அவள் கன்னத்தில் வைத்தார்.

கன்னம் விறைத்தது. மூச்சு நின்றது.

பூங்கனி திரும்பவில்லை. உதடு மட்டும் அசைவது அவருடைய உள்ளங்கையில் தெரிந்தது.

"அப்பா," என்றாள், வாசலுக்குக் கேட்டால் போதும் என்கிற குரலில். "சீக்கிரம் உள்ள வா. இங்க யாரோ இருக்காங்க."