மரகதவல்லி இடம் மாறிய கதை

ஒதியமங்கலத்துக்காரர்களை முட்டாள்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நீங்கள் அப்படியெல்லாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அந்த ஊரில் ‘மரகதவல்லி’ என்று ஒரு பாட்டு நாடகம். ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டுவிட்டு நின்றுபோனதை, இந்த வருஷம் ஒரு புது கம்பெனிக்காரர்கள் தூசி தட்டி மறுபடி மேடையேற்றினார்கள். பழைய கீற்றுக் கொட்டகையில் கூட்டமான கூட்டம். உடனே ரசிகர் மன்றமும் முளைத்தது. தலைவர், தையல்கார வைரக்கண்ணு. பொருளாளர், டீக்கடை பக்கிரிசாமி. செயலாளர், நம்ம உத்திராபதி. உறுப்பினர் என்று ஒருத்தரும் கிடையாது. சேர வந்தவர்களை எல்லாம் “பதவி காலி இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உத்திராபதி ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார். அவர் பெண்டாட்டி அஞ்சம்மாள் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. கேட்டபோதெல்லாம், “இன்னிக்குச் செயலாளர் வேலை இருக்கு, அடுத்த ஆட்டத்துக்குப் போவோம்” என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகி, ராஜாவின் மீசை நடுப்பாட்டில் கரைந்து தாடியாக இறங்கியது. கம்பெனி மேனேஜர் மேடையில் வந்து கும்பிட்டார்.

“ரசிகப் பெருமக்களே! வர்ற வெள்ளிக்கிழமை காலையிலேர்ந்து மரகதவல்லி வேற இடத்துக்கு மாறுது. நம்மூர்லயே, புதுசாக் கட்டின கட்டடம். எந்த இடம்ங்கிறது சஸ்பென்ஸ்!”

உத்திராபதி வீட்டுக்கு வந்து சேதியைச் சொன்னதும் அஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இதோ பாருங்க. புது இடத்திலே முதல் ஆட்டம், முதல் வரிசை, என்னை உக்கார வெக்கிறீங்க. இல்லேன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க மரகதவல்லியாச்சு.”

அஞ்சம்மாள் சொன்னால் செய்கிறவள். தவிர, அவள் மேல் உத்திராபதிக்கு உயிர். அன்றைக்கே டீக்கடையில் மன்றத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

“நம்மூர்லே புதுசாக் கட்டினது ரெண்டே கட்டடம்தான்” என்றார் பக்கிரிசாமி. “ஒண்ணு கடைத்தெருக் கல்யாண மண்டபம். இன்னொண்ணு ஏரிக்கரையிலே என்னமோ கட்டியிருக்காங்க.”

“மண்டபமாத்தான் இருக்கும்” என்றார் உத்திராபதி. “மேடை இருக்கு, நாற்காலி இருக்கு, ஃபேன் இருக்கு.”

வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். தலைவர் யோசிக்கும்போது மற்றவர்கள் டீ உறிஞ்சக்கூடாது என்பது மன்றத்தின் விதி.

“செயலாளரே, நாடகத்திலே மரகதவல்லிக்குக் கல்யாணம் ஆகுதா?”

“எங்கே ஆகுது? கடைசியிலே காவி கட்டிக்கிட்டுக் காட்டுக்கில்ல போறா.”

“அப்போ கல்யாண மண்டபத்திலே அவளுக்கு என்னய்யா வேலை?”

அடேயப்பா, என்ன மூளை! மண்டபம் அத்தோடு கழிந்தது. மூன்று பேரும் ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள்.

அங்கே புதுக் கட்டடம் பளபளவென்று நின்றது. பெயர்ப் பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

“பார்த்தீங்களா, சஸ்பென்ஸ்!” என்று உத்திராபதி குதித்தார்.

“வாசலைப் பாருங்க, எவ்வளவு அகலம்! ராஜாவோட தேர் உள்ளே போக வேணாமா?” என்றார் வைரக்கண்ணு.

“அந்த இரும்புக் கம்பியெல்லாம்?” என்று கேட்டார் பக்கிரிசாமி.

“ரசிகர்கள் முண்டியடிக்காம வரிசையா நிக்க.”

“தண்ணித் தொட்டி கட்டியிருக்காங்களே?”

“ரெண்டாவது சீன்லே மரகதவல்லி தோழிங்களோட குளிக்கிறாளே, மறந்துட்டியா?”

மூலையில் வைக்கோல் போர் ஒன்று இருந்தது. அதுதான் காடு என்று மூவரும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஊருக்குள் திரும்பி வந்து வீடு வீடாகச் சேதி சொன்னார்கள். மன்றத்துச் செயலாளரே சொல்லும்போது ஊர் நம்பாமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை அஞ்சம்மாள் முகூர்த்தப் பட்டுப்புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கொறிக்க முறுக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஏரிக்கரையில் வாழைமரம் கட்டியிருந்தது, மைக் செட் அலறியது. யாரோ பெரிய மனுஷர் வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போனார். பலகையின் துணி விலகியது. பக்கிரிசாமி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“கால்நடை மருத்துவமனை.”

உத்திராபதிக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. “என்ன தலைவரே, மாட்டாஸ்பத்திரின்னு போட்டிருக்கு?”

“செட்டுய்யா!” என்று சிரித்தார் வைரக்கண்ணு. “கீற்றுக் கொட்டகையிலே அரண்மனைன்னு எழுதிக் கட்டியிருந்தாங்களே, அது அரண்மனையா?”

அதுவும் சரிதான். சேதி கேட்டு வந்திருந்த ஊர் ஜனத்தை விலக்கிக்கொண்டு நாலு பேரும் வாசலுக்குப் போனார்கள். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“மாடு எங்கே? மாட்டோட வந்தாத்தான் டோக்கன். சும்மா வர்றவங்களுக்கு உள்ளே இடமில்லே.”

அஞ்சம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. “எனக்குத் தெரியும். உங்களை நம்பிப் பட்டுப்புடவை கட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைப் பார்க்க உத்திராபதிக்குத் தாங்கவில்லை.

“பக்கிரி, ஓடு! உன் எருமையை ஓட்டிக்கிட்டு வா!”

டீக்கடைக்குப் பால் கறக்கிற எருமை வந்து சேர்ந்தது. காவலாளி ஒரே ஒரு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். “ஒரு மாட்டுக்கு ஒண்ணுதான்.”

“நாங்க நாலு பேரு இருக்கோமே?”

“மாட்டுக்கும் நாலு காலு இருக்கே” என்று தலைவர் வழி சொன்னார். “ஆளுக்கு ஒரு காலைப் பிடிச்சுக்கிட்டா யார் என்ன கேக்க முடியும்?”

பட்டுப்புடவை கசங்க அஞ்சம்மாள் முன்னங்கால் ஒன்றைப் பிடித்தாள். முன்னங்கால்தானே முதல் வரிசை! எருமைக்கே தான் எப்படி நடப்பது என்று குழப்பமாகிவிட்டது. ஆளுக்கொரு காலாகத் தூக்கி வைத்து அதை உள்ளே கொண்டுபோனார்கள். காவலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டரம்மா வந்தார்.

“பின்னாடி யாரும் நிக்காதீங்க, உதைக்கும். எல்லாரும் முன்னாடி வாங்க.”

உத்திராபதிக்கு மெய் சிலிர்த்தது. எந்தக் கொட்டகையில் இப்படி வலிய வந்து எல்லாரையும் முன்வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்! பெருமையோடு அஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முறுக்கைக் கடிக்க மறந்து நின்றிருந்தாள்.

டாக்டரம்மா ஊசியை எடுத்தார். எருமை மிரண்டு பார்த்தது. தப்பிக்க இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. ஊசி இறங்கியதும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது.

“வன்ஸ்மோர்!” என்று கத்தினார் வைரக்கண்ணு.

“வன்ஸ்மோர்! வன்ஸ்மோர்!” என்று மற்றவர்களும் கை தட்டினார்கள்.

“ஒரு தடவைக்கு ஒரு ஊசிதான். அடுத்தது அடுத்த வெள்ளிக்கிழமை” என்றார் டாக்டரம்மா.

“கம்பெனிக்காரங்களுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு” என்று பக்கிரிசாமி முணுமுணுத்தார். “கீற்றுக் கொட்டகையிலே நாலு தடவை கேட்டா நாலு தடவையும் பாடுவாங்க.”

வெளியே வந்ததும் உத்திராபதி அஞ்சம்மாளிடம் கேட்டார்.

“எப்படிம்மா இருந்துது?”

அஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்ன நடிப்புங்க! அந்தக் கருப்பி ஒரு வார்த்தை பேசலே, ஒரு பாட்டுப் பாடலே. ஆனா அந்தக் கண்ணு இருக்கே! அண்ணன் வீடாவது ஆட்டுக்குட்டியாவது. இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் இங்கேதான்.”

ஊர் முழுக்க அவள் வாயாலேயே பரவியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஏரிக்கரை கொள்ளவில்லை. மாடு உள்ளவர்கள் மாட்டோடு வந்தார்கள், இல்லாதவர்கள் இரவல் வாங்கி வந்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் காவலாளி திணற, உத்திராபதி தானாகவே வாசல் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

கடைத்தெருக் கல்யாண மண்டபத்திலோ காலி நாற்காலிகளுக்கு முன்னால் நிஜ நாடகம் இரண்டாவது வாரமாக நடந்துகொண்டிருந்தது. மரகதவல்லியாக நடிக்கும் கனகாம்புஜம் பொறுத்துப் பார்த்தாள். ரசிகர்கள் எங்கே தொலைந்தார்கள் என்று விசாரித்து, கிரீடமும் ஜிகினாப் பாவாடையும் அரிதாரமுமாக அப்படியே ஏரிக்கரைக்கு ஓடி வந்தாள்.

உத்திராபதி கையை நீட்டி மறித்தார். “மாடு எங்கேம்மா?”

“ஐயா, நான்தான் மரகதவல்லி!”

உத்திராபதி அவளை மேலும் கீழும் பார்த்தார். மனசு இளகியது. எத்தனை தீவிரமான ரசிகை, வேஷம்கூடக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே! “சரி, பாவம். உள்ளே போ. ஓரமா நில்லு” என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டார்.

உள்ளே ஊரே மாடுகளுக்கு முன்னால் மூச்சு விடாமல் நின்றிருந்தது. டாக்டரம்மா ஊசியை உயர்த்தினார். கனகாம்புஜத்துக்கு அழுகை பொங்கியது. நாலு வரி பாடிக் காட்டினால் இவர்களுக்குப் புத்தி வராதா என்று, தொண்டையைச் செருமி உச்சஸ்தாயியில் எடுத்தாள்.

முன்வரிசையில் இருந்த அஞ்சம்மாள் வெடுக்கென்று திரும்பினாள்.

“ஏய், யாருடி அவ! நாடகம் நடக்கிற இடத்திலே வந்து பாடிக்கிட்டு!”