உடும்பு கேட்ட கேள்வி

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். ஒன்பது நாள் அடைமழை. பாறைக் குகைக்குள் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனாலும் உள்ளே இருந்தவர்களிடம் ஒன்று நனைந்து, கனத்து, காயாமல் கிடந்தது. அது என்ன?

வாலா? இல்லை. காதா? அதுவும் இல்லை. மனசு.

அந்தக் குகை சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியுடையது. கரட்டுக் குன்றின் சரிவில், வாய் குறுகி உள்ளே அகன்ற நல்ல குகை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அன்று, மொச்சை என்ற முயல் தன் ஒரே குட்டி தினையோடு வந்து வாசலில் நின்றது. அதன் புதருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது.

"உள்ள வா, தங்கச்சி. மழை விடுற வரைக்கும் இரு" என்றது சிலுப்பன்.

அன்று முதல் மொச்சையும் தினையும் உட்பக்கம் படுத்தன. சிலுப்பன் வாசலை அடைத்துப் படுத்தது. யாராவது நெருங்கினால் முதுகைத் திருப்பி முள்ளை விரிக்கும். அந்த முள்ளைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது.

எதிர்ப்பாறையின் அடியில் ஒரு உடும்பு ஒதுங்கியிருந்தது. முயல்குட்டி என்றால் அதற்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் வெயில் இல்லாமல் உடும்பின் காலில் சூடு ஏறாது. ஓடிப் பிடிக்க முடியாது. அதனால் அது காலை விட்டுவிட்டு வாயால் வேட்டையாடத் தொடங்கியது.

"அண்ணாச்சி, முகம் வாடியிருக்கே. யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டது.

"யாரும் ஒன்னும் சொல்லலை" என்றது சிலுப்பன். அங்கிருந்து பேசினால் என்ன வந்துவிடப் போகிறது என்று அது நினைத்தது.

"யாரும் ஒன்னும் சொல்லாம முகம் வாடுமா? யோசிச்சுப் பாருங்க."

உடும்பு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சிலுப்பன் யோசித்தது. காலையிலிருந்து மனசு சரியில்லைதான். நெஞ்சுக்குள் ஈரமண் அப்பியதுபோல இருந்தது. ஏன்? முந்தாநாள் தான் இருமியபோது மொச்சை என்ன ஏது என்று கேட்கவில்லை. கிழங்கில் இளசான பக்கத்தைத் தன் குட்டிக்குக் கொடுத்துவிட்டது. தேடத் தேடக் குறை கிடைத்துக்கொண்டே இருந்தது.

சிலுப்பன் கண்ணயரும் நேரம் பார்த்து, உடும்பு அதே கேள்வியை மொச்சையிடமும் கேட்டுவந்தது. அது பிறகுதான் சிலுப்பனுக்குத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் பகலில் ஒரு பெரிய இடி. மொச்சையின் பின்னங்கால் தரையில் தட் தட் என்று அடித்தது.

"அந்தக் காலைக் கொஞ்சம் சும்மா வைக்க முடியாதா?" என்றது சிலுப்பன், கொறித்துக்கொண்டிருந்த பழைய எலும்பிலிருந்து வாயை எடுத்து.

"இடி இடிச்சா தானாத் தட்டும். முயல் ஜாதிக்கே அப்படித்தான். நீங்க அந்த எலும்பைக் கொறிக்கிறதை நிறுத்துங்க, நானும் காலை நிறுத்துறேன்."

"கொறிக்காட்டி என் பல்லு வளர்ந்து வாயைக் கிழிச்சிடும்."

"பெருமூச்சு விடுறதும் பல்லுக்காகத்தானா? விடிஞ்சதிலிருந்து நாப்பது பெருமூச்சு. நாங்க பாரம்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க, அண்ணே."

"பாரம்னு நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்ல வேற வேணுமா? முள்ளு மொத்தமும் என் பிள்ளை பக்கமாவே நீட்டிக்கிட்டு நிக்குதே."

சிலுப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்தது. ஒன்பது நாளாக வாசலில் சாரல் வாங்கியது யார்? இடம் கொடுத்தது யார்? கிழங்கு தோண்டிக் கொண்டுவந்தது யார்?

"என் முதுகு நனையாம உன் பிள்ளை ஒருநாளாவது தூங்கியிருக்குமா? எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

"இனிமே நனைய வேண்டாம். எழுந்திரு, தினை. மேட்டு ஆலமரத்து வேரடிக்குப் போயிடலாம்."

"தாராளமா. இங்க யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை" என்று சிலுப்பன் வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டது. நியாயம் முழுக்கத் தன் பக்கம் என்பதில் அதற்குத் துளி சந்தேகமில்லை. எதிர்ப்பாறையின் அடி காலியாக இருந்தது. அது கண்ணில் பட்டும் அதன் புத்தியில் படவில்லை.

தினை எழுந்தது. நடுவழியில் நின்றுவிட்டது.

"அம்மா, எனக்கும் காலையிலிருந்து அழுகையா வருது. என்னை யாரும் ஒன்னும் சொல்லலை. நான் யாரோட சண்டை போடணும்?"

தினைக்கு யார்மேலும் குறை இல்லை. அதே கிழங்கைத்தான் தின்றது, அதே இருட்டில்தான் கிடந்தது, வெயிலைக் கண்டு அதற்கும் ஒன்பது நாளாகியிருந்தது.

"யாரும் ஒன்னும் சொல்லாம அழுகை வருமா, கண்ணு?" என்று ஒரு குரல் வாசலை ஒட்டிக் கேட்டது. "யோசிச்சுப் பாரு. வெளியே வா, சேர்ந்து யோசிப்போம்."

சிலுப்பன் திடுக்கிட்டது. "தங்கச்சி, இவன் உன்கிட்டயும் இதையேதான் கேட்டானா?"

"ஆறு நாளா" என்றது மொச்சை. "உங்ககிட்டயுமா?"

சிலுப்பன் சட்டென்று திரும்பி, முள்ளை விரித்துக்கொண்டு, பின்பக்கமாகவே வாசலுக்குப் பாய்ந்தது. உடும்புக்கு விலகிக்கொள்ளும் வேகம் காலில் இல்லை. மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என்று இரண்டு முள் ஏறின. அது வழுக்கி விழுந்து எதிர்ப்பாறைக்குத் திரும்பியது.

"இது அநியாயம்" என்று அங்கிருந்து கத்தியது. "நான் என்ன பொய் சொன்னேன்? ஒரே ஒரு பொய் காட்டுங்க பார்ப்போம். கேள்விதானே கேட்டேன்? குத்தம் கண்டுபிடிச்சதெல்லாம் நீங்க."

சிலுப்பனுக்கு அதுதான் அதிகம் உறைத்தது. பொய் சொல்லியிருந்தால் முதல்நாளே துரத்தியிருக்கும். வெறும் கேள்வியை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தன் கையாலேயே செய்ய வைத்துவிட்டானே! உடும்பின்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

மழை அப்போதும் விடவில்லை. யாருடைய மனசும் லேசாகிவிடவில்லை. மொச்சை இன்னும் வாசலருகே விறைப்பாகத்தான் நின்றது.

"அவன் சூது புரியுது, அண்ணே. ஆனா நீங்க பேசினது பேசினதுதானே? இங்க இருக்க மனசு வரலை."

"நானும்தான் உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றது சிலுப்பன். "ஒன்னு செய்வோம். வெயில் வரட்டும். முதுகு காயட்டும். அதுக்கப்புறமும் என்மேல கோபம் இருந்தா, அன்னிக்குச் சண்டை போடு. நானும் அன்னிக்கே பதில் சொல்றேன்."

மொச்சை வெளியே பார்த்தது. ஆலமரம் இருந்த திசையில் மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அது தன் குட்டியைப் பார்த்தது.

"நீ சொல்லு, தினை. போகலாமா, இருக்கலாமா?"

தினை உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

மழை கனக்க வைத்த மனசுக்காக, பக்கத்தில் இருப்பவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.