கொற்றனின் முதல் வழக்கு

பறை முழங்க, பாதி ஊர் பின்தொடர, கொற்றன் மலையேறி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. மூச்சு வாங்கவில்லை.

குகை வாசலில் வெயிலில் ஓலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் துறவி நிமிர்ந்து பார்த்தார். குரத்தியார் என்று ஊர் அவரை அழைத்தது. கொற்றனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் கொற்றனுக்கு அவர்தான் குரு.

“அம்மையே, என்னை நியாயத்தாராக அமர்த்திவிட்டார்கள்! இருபது வயதில் கோட்டைக் கதவை உடைத்தேன். நாற்பதில் ஊர்ச்சபைக்குப் போய் ஏரி கட்டினேன். இனி நீதி! இன்றைக்கே முதல் வழக்கு!”

“யார் மேல்?”

“கரைகாவலன் இயக்கன். வெள்ளத்தின்போது ஏரியின் வடகரையை மண்வெட்டியால் வெட்டிவிட்டான். விளைந்த வயலெல்லாம் போயிற்று. ஊர் அவன் தலையைக் கேட்கிறது.”

“அவன் என்ன சொல்கிறான்?”

“வெட்டாமல் விட்டிருந்தால் தென்கரை உடைந்து, அதன் கீழே இருக்கும் தாழைச்சேரியையே அடித்துக்கொண்டு போயிருக்குமாம். பொய்! அது நான் கட்டிய கரை. உச்சிப்பொழுதில் தீர்ப்பு. எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

குரத்தியார் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏரிக்குப் போவோம்.”

கூட்டத்தை நிறுத்திவிட்டு இருவர் மட்டும் போனார்கள். தென்கரையில் நடந்த குரத்தியார் ஓரிடத்தில் நின்று தடியைக் கரையில் ஊன்றி அழுத்தினார்.

தடி கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

கரைக்கு நேர் கீழே தாழைச்சேரி. கூரைகளில் அடுப்புப் புகை. ஒருத்தி வாசலில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் இப்படி ஊறியிருக்கிறது?” என்று கேட்டார் குரத்தியார்.

“தண்ணீர் வெளியேற வழி போதவில்லை.”

“ஏன் போதவில்லை?”

கொற்றனின் முகம் மாறியது.

“மதகு ஒன்றுதான், அம்மையே. கல்தச்சன் இரண்டு கேட்டான். திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும், ஒன்று போதும் என்று நான்தான் சபையில் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.”

குரத்தியார் தடியை உருவினார். சேற்றைப் புல்லில் துடைத்தார்.

“நான் இப்போது என்ன செய்வது?”

“உச்சிப்பொழுது ஆகிறது” என்றார் குரத்தியார்.

கொற்றன் ஓடினார்.

மன்றத்தில் மற்ற இரு நியாயத்தாரும் காத்திருந்தார்கள். நடுவில் கை கட்டப்பட்டு இயக்கன் நின்றான். “தலையை எடு!” என்று கூட்டம் கத்தியது.

கொற்றன் ஆசனம் வரை போனார். உட்காரவில்லை. தலைப்பாகையைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு, இறங்கி வந்து இயக்கனின் பக்கத்தில் நின்றார்.

“இந்த வழக்கில் நான் நியாயத்தார் இல்லை. சாட்சி” என்றார். “குற்றம் என் மதகில் இருக்கிறது.”

கூட்டம் கொதித்தது. ஒரு கல் பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது. கொற்றன் கையை உயர்த்தவில்லை.

“எறிந்தவனே, நீயும் வா! ஊரே வா! தென்கரைக்கு!”

ஊரே ஓடியது. மூங்கிலையும் ஏர்க்கம்பையும் கரையில் குத்திப் பார்த்தார்கள். குத்திய இடமெல்லாம் இறங்கியது. கத்திக்கொண்டிருந்தவர்கள் கீழே தாழைச்சேரியைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் முதலில் அழுதார்.

இரு நியாயத்தாரும் அங்கேயே தீர்ப்பை ஓலையில் எழுதி, இயக்கனின் கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். ஊர்ப்பணியில் பிழை செய்தவர் நியாயத்தார் ஆசனத்தில் அமரக் கூடாது என்று சபை கொற்றனை நீக்கியது. இரண்டாவது மதகுக்குக் கல்தச்சன் அப்போதே அளவெடுக்கத் தொடங்கினார்.

மாலையில் கொற்றன் தனியாக மலையேறி வந்தார். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. கண்கள் மின்னின.

“இயக்கன் பிழைத்தான், அம்மையே! தாழைச்சேரியே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது! நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!”

குரத்தியார் ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்தார்.

“ஆனால் அரைநாள்கூட நான் நியாயத்தாராக இருக்கவில்லை” என்றார் கொற்றன். “ஒரு தீர்ப்புகூட நான் சொல்லவில்லையே.”

“நீர்தான் சொன்னீர்” என்றார் குரத்தியார். “அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.”