உள்ளே போடுகிற தோல்

சாய்ந்தாம்பட்டு என்று ஓர் ஊர். பாலாற்றைத் தாண்டி, மலையை ஒட்டினாற்போல இருக்கிறது. போய்ச் சேருவதுதான் கஷ்டம். ஏனென்றால் ஊர்ப் பெயர் எழுதிய பலகையை அந்த ஊர்க்காரர்கள் ஊரைப் பார்த்து நட்டிருக்கிறார்கள். கேட்டால், "வெளியூர்க்காரன் வருவான், போயிடுவான். இங்கேயே கெடக்கிறவங்க நாங்க. எந்த ஊர்ல கெடக்கிறோம்னு எங்களுக்குத்தானே தெரியணும்?" என்பார்கள். நியாயம்தான்.

அந்த ஊரில் ஏகாம்பரம் என்று ஒருவன். அரிசி ஆலையில் ராக்காவல். விடிந்ததும் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. உடம்பு பாயில் கிடக்கும். மனசு மட்டும் எழுந்துபோய் ஆலையை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வரும். ஊசியும் நூலும் ஒரு துண்டுத் தோலும் கையில் இருந்தால்தான் அது ஓரிடத்தில் உட்காரும். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே பார்த்து, தானே விரலில் குத்திக்கொண்டு, தானே கற்றுக்கொண்டான். கத்தி, குத்தூசி, சுத்தியல் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். பெட்டி தலைமாட்டில் இருக்கும். அவனுக்கென்று உலகத்தில் இருந்தது அந்தப் பெட்டிதான்.

முதலில் தடித்த தோலில் தைத்தான். ஊசி உடைந்தது. தோல்கடைக்குப் போய், "மெலிசா குடுங்க பாய்" என்றான். ஒரு கட்டு கொடுத்தார்கள். ஆட்டுத்தோல், வெற்றிலை மாதிரி மெலிசு. ஊசி சுகமாக இறங்கியது. ஊசி இறங்கியதே தவிர, தைத்த சாமான் எதுவும் எழுந்து நிற்கவில்லை. பை தைத்தான், அது வெயிலில் களைத்த நாய் மாதிரி தரையோடு படுத்துக்கொண்டது. பெல்ட் தைத்தான், காலையில் இடுப்பில் கட்டியது சாயங்காலம் முழங்காலில் நின்றது. இந்தக் கட்டுத் தோலில்தான் ஏதோ குறை என்று அதே தோலில் இன்னொரு கட்டு வாங்கினான். அதிலும் அதே குறை. குறை எல்லாக் கட்டிலும் இருக்கிறதா என்று பார்க்க மேலும் சில கட்டு வாங்கினான்.

கட்டிலுக்கு அடியில் தோல், பரண்மேல் தோல், அரிசிப் பானைக்குப் பின்னால் தோல். ஒருநாள் அவன் மனைவி நவநீதம் திருவிழாவுக்குக் கட்டலாமென்று பட்டுப்புடவையை எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புடவை கீழே இருந்தது. மேலே ஒரு ஆடு படுத்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல்.

"இந்தா மாமா, இங்க வா" என்றாள். அவள் மெதுவாகப் பேசினால் ஏகாம்பரம் ஓடிவந்து நின்றுவிடுவான். "நான் எங்கம்மா ஊர்த் திருவிழாவுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை வருவேன். அதுக்குள்ள இந்தத் தோல் அம்புட்டும் ஏதாவது உபயோகத்துக்குப் போயிருக்கணும். தூக்கி எறியறதும் ஆகாது, காசு போட்டு வாங்கினது. நான் வரும்போது ஒரு துண்டு வெளியே கெடந்தாலும் உன் தகரப் பெட்டியப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுவேன். ஆமா!"

பழைய இரும்புக்குப் பழம் கொடுக்கிற பேரீச்சம்பழக்காரன் மணியடித்துக்கொண்டு வாரம் தவறாமல் வருகிறவன். ஏகாம்பரம் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு தன் சிநேகிதர்களைக் கூப்பிட்டான்.

கோதண்டம் ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவன் என்று பேர். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். சில சமயம் மறுநாள்தான் திறப்பான். இன்னொருவன் துலுக்காணம். அவனுக்கு இளகிய மனசு. அதோடு, கோயில் பம்பை மேளம் கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் அருள் வந்து ஆடிவிடுவான்.

மூன்று பேரும் பஸ் ஏறித் தோல்கடைக்குப் போய் யோசனை கேட்டார்கள். பாய் பொறுமைசாலி. "இது வெளியே வெச்சுத் தைக்கிற தோல் இல்லப்பா. உள்ளே போடறது. எதுக்காவது உள்பக்கமா ஒட்டுங்க, தன்னால தீர்ந்துடும்" என்றார்.

"உள்ளே" என்றான் கோதண்டம், கண்ணை மூடியபடி.

"உள்ளே" என்றார் பாய்.

வீட்டுக்கு வந்ததும் எதற்கெல்லாம் உள்ளே என்று ஒன்று இருக்கிறது என்று பார்த்தார்கள். அம்மிக்கு உள்ளே இல்லை. தேங்காய்க்கு இருக்கிறது, ஆனால் போக வழியில்லை.

"செருப்புக்கு உள்ளே ஒட்டலாமா?" என்றான் ஏகாம்பரம்.

கோதண்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "செருப்புக்குள்ள ஏற்கெனவே காலு இருக்குதுடா. ஒருத்தன் குடியிருக்கிற வீட்டுல இன்னொருத்தனக் கொண்டுபோய் வைக்கிறதா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"பாவம் காலு" என்றான் துலுக்காணம்.

அதனால் இட்லிப் பானையில் போட்டார்கள். துணிக்குப் பதிலாகத் தட்டில் தோலை விரித்து மாவை ஊற்றினார்கள். ஆவி மேலே வரப் பார்த்தது; தோல் விடவில்லை. வெகுநேரம் கழித்துத் திறந்தால் மாவு மாவாகவே இருந்தது, தோல்தான் வெந்திருந்தது. கோதண்டம் அதில் ஒரு ஓரத்தைக் கடித்து மென்று பார்த்துவிட்டு, "ஆட்டுக்கறிதான். ஆனா ரொம்ப வயசான ஆடு" என்றான்.

அடுத்தது குடை. துணிக்கு உள்பக்கம் தோலை இழுத்துத் தைத்தார்கள். நல்லவேளையாக மழையும் வந்தது. துலுக்காணம் பெருமையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போனான். துணி வழியே இறங்கிய தண்ணீர் தோலில் தேங்கியது. குடைக்குள்ளே மாட்டுக்கு மடி இறங்கின மாதிரி ஒன்று தொங்க ஆரம்பித்தது. துலுக்காணம் அண்ணாந்து பார்த்தான். அவன் வீட்டில் மாடு உண்டு. மடி கனத்தால் மாடு என்ன பாடுபடும் என்று தெரியும். சும்மா விடுவானா? கையை நீட்டிக் கறந்தான். தையல் விட்டது. மழையில் போன யாரும் அன்றைக்கு அவனளவு நனையவில்லை.

"உள்ளே போட்டது சரி. மழைதான் தப்பு" என்று கோதண்டம் தீர்ப்புச் சொன்னான்.

பிறகு தலையணை. உள்ளே தோலைத் திணிக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற பஞ்சை எடுக்க வேண்டும். எடுத்தார்கள். தோல் உள்ளே போனது; பஞ்சு வெளியே குவிந்தது. அள்ள அள்ளப் பறந்தது.

"நவநீதம் தோல் வெளியே கெடக்கக் கூடாதுன்னுதான் சொல்லுச்சு. பஞ்சப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றான் துலுக்காணம், மூக்கிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே.

"பஞ்சுக்கும் பதில் சொல்லணும்டா. எனக்கு அவளத் தெரியும்" என்றான் ஏகாம்பரம்.

அவன் உட்கார்ந்து தோலிலேயே ஒரு உறை தைத்து, பஞ்சை அதில் அடைத்தான். அழகான, மெத்தென்ற தோல் தலையணை. இத்தனை நாளில் அவன் கையில் உருப்படியாக வந்த ஒரே சாமான். தலை வைத்தான், கண் சொக்கியது. கோதண்டம் சுற்றி வந்து பார்த்தான்.

"தோல் எங்க இருக்கு?"

"வெளியே."

"பாய் என்ன சொன்னாரு?"

ஏகாம்பரம் தையலைப் பிரித்தான்.

இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது. கட்டு குறைந்தபாடில்லை. ஏகாம்பரம் பெட்டியைத் திறந்து குத்தூசியைத் துடைத்தான், கத்தியைத் துடைத்தான், திரும்ப மூடினான். ஊருக்குப் போகிற பிள்ளைக்குத் தலைவாரிவிடுகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத் துலுக்காணத்துக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னான்: "நாம எங்க இருக்கோம் இப்போ?"

"வீட்டுக்கு உள்ளே" என்றான் ஏகாம்பரம்.

கோதண்டம் கண்ணைத் திறந்தான்.

வீட்டுக்கு உள்ளே! இவ்வளவு பெரிய உள்ளே இருக்க, இட்லிப் பானையோடும் குடையோடும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மூன்று பேரும் பசை காய்ச்சினார்கள். சுவரில் தோலை ஒட்டினார்கள், ஓரத்துக்கு ஓரம் இடைவெளி தெரியாமல். ஏகாம்பரம் விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தான். தையல் பிரமாதம். ஆனால் மூன்று சுவர் முடிந்ததும் தோல் தீர்ந்துவிட்டது. ஒரு சுவர் மொட்டையாக நின்றது.

மறுபடியும் பஸ்.

"என்னப்பா, தீர்ந்துடுச்சா?" என்றார் பாய்.

"மிச்சத்தத் தீர்க்கணும் பாய். அதுக்குக் கொஞ்சம் கொறையுது. இன்னொரு கட்டு குடுங்க" என்றான் ஏகாம்பரம்.

பாய் காசை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு கட்டை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலாவது சுவரும் முடிந்தது. புதுக் கட்டில் பாதி மிச்சம். சுவரில் மாடம் ஒன்று இருந்தது. பத்திரமாக இருக்கட்டுமென்று தகரப் பெட்டியை அதில் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒட்டினார்கள். ஜன்னல்மேல் ஒட்டினார்கள். கதவைத் தாழ் போட்டுவிட்டு அதன்மேலும் ஒட்டப் போனபோது ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினான்.

"கதவு வேணாமே?"

"எல்லாத்துக்கும் போட்டுட்டு அத மட்டும் விட்டா, அது மனசு என்ன பாடுபடும்?" என்றான் துலுக்காணம்.

கதவையும் சேர்த்து இழுத்து ஒட்டினார்கள். இன்னும் இரண்டு தோல் மிச்சம். கோதண்டம் ஏணிமேல் நின்று கூரையைப் பார்த்தான். மேலே இருப்பது மேலேதானே தவிர உள்ளே ஆகாது என்று முடிவு செய்து இறங்கிவந்தான். அந்த இரண்டையும் முன்பே ஒட்டிய இடத்தின்மேலேயே ஒட்டிவிட்டார்கள். தரையில் ஒரு நூலளவு துண்டு கிடையாது. ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. பெட்டி பிழைத்தது.

அந்த நேரம் பார்த்து நவநீதம் வந்து கதவைத் தட்டினாள்.

டம்!

இழுத்துக் கட்டிய தோல். நாலு சுவரும் ஒரே பம்பையாக அதிர்ந்தது. டம், டம், டம்! துலுக்காணத்துக்கு உடம்பு சிலிர்த்தது. "டேய்ய்ய்!" என்று ஒரு கத்து கத்திவிட்டு ஆட ஆரம்பித்தான்.

"மாமா! கதவத் தொற!" என்று வெளியே குரல்.

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். நாலு பக்கமும் ஒரே மாதிரி தோல். எது கதவு?

"நவநீதம், கதவு உன் பக்கம் இருக்குதா?"

"இருக்குது! தட்டிக்கிட்டுதானே இருக்கேன்!"

"அப்ப அங்கேயே இருக்கட்டும். இங்க ஒண்ணு தேடறோம்."

கோதண்டம் கைகூப்பி, ஆடிக்கொண்டிருந்த துலுக்காணத்திடம் போனான். "தாயே, வாசல் எந்தப் பக்கம்?"

"கெழக்கேடா! கெழக்கே!"

"கெழக்கு எந்தப் பக்கம் தாயே?"

"சூரியன் வர்ற பக்கம்டா!"

மூன்று பேரும் சூரியனைத் தேடினார்கள். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அது வழியாக வெயில் பளிச்சென்று இறங்கிக்கொண்டிருந்தது. "இத்தன நாளா கெழக்கு மேல இருந்திருக்கு, நமக்குத் தெரியல பாரு" என்றான் கோதண்டம்.

"தங்கச்சி, தோலக் கிழிச்சா வந்துடலாம். ஆனா..." என்று கோதண்டமே வெளியே குரல் கொடுத்தான்.

"கிழிக்காதே!" என்று அலறினான் ஏகாம்பரம். "கிழிச்சா துண்டு விழும். துண்டு விழுந்தா பெட்டி போயிடும்!"

வெளியே நவநீதம் யோசித்தாள். அவளும் சாய்ந்தாம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான். அவள் பிறந்த ஊரும் இதைவிடச் சுமார்தான். "அதுவும் சரிதான். கிழிக்காதீங்க" என்றாள்.

கண்ணாடி ஓட்டையும் பக்கத்து ஓடுகளையும் பிரித்து, ஏணிவழியாக ஒவ்வொருவராகக் கூரைமேல் வந்தார்கள். ஏணியை மேலே இழுத்து, வெளியே சாய்த்து, இறங்கினார்கள். நவநீதம் அவர்களைக் கவனிக்கவில்லை. வாசல், கொல்லை, கோழிக்கூண்டு எல்லாம் குனிந்து குனிந்து தேடினாள். பிறகு ஏணியில் ஏறி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள். தரையில் ஒரு துண்டில்லை.

"பெட்டி எங்க?"

"மாடத்துல. மேல ஒட்டியாச்சு."

"அப்ப நானே நெனச்சாலும் போட முடியாது."

"என்னாலயும் எடுக்க முடியாது" என்றான் ஏகாம்பரம் நிம்மதியாக.

வெள்ளிக்கிழமையாயிற்றே, வாசல் மொட்டையாக இருக்கலாமா? வாசல் இனி மேலேதான் என்று ஆகிவிட்டதால், நவநீதம் அடுத்த வீட்டில் கோலமாவு வாங்கிக்கொண்டு ஏறி, ஓட்டையைச் சுற்றி ஓட்டின்மேல் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். ஓடு வளைவாக இருந்ததால் கோலமும் வளைந்தது. ஆனாலும் லட்சணமாகத்தான் இருந்தது. இறங்கிவந்து மூன்று பேரோடும் சேர்ந்து நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மாமா, நீ ராவெல்லாம் ஆலைக்குப் போயிடற. இப்படி வாசலத் தொறந்து போட்டு, ஏணியையும் சாத்தி வெச்சிருந்தா எவனாவது திருட்டுப்பய ஏறி உள்ளே எறங்கிட மாட்டானா?"

கோதண்டம் கண்ணை மூடினான். சீக்கிரமே திறந்துவிட்டான். "ஏணியப் பத்திரமா வைக்கணும்."

"எங்க வைக்கிறது?"

"பத்திரமான எடம் வேற எது? வீட்டுக்குள்ளதான்."

அவனே ஏறினான். ஏணியை மேலே இழுத்து, ஓட்டை வழியாக உள்ளே கவனமாக இறக்கிச் சுவரோரம் சாய்த்தான். பிறகு ஓரத்துக்கு வந்து, கீழே இருந்த வைக்கோல்போரில் குதித்து, தலையில் வைக்கோலோடு எழுந்து வந்தான்.

நாலு பேரும் வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள். நவநீதத்தின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இனிமே எந்தத் திருடனாலயும் உள்ளே போக முடியாது இல்லண்ணே?"

"நல்லாக் கேட்ட போ!" என்றான் கோதண்டம். "வீட்டுக்காரங்க நம்மாலயே முடியாதுங்கும்போது, வெளியாள் அவனால எப்படி முடியும்?"